நல்ல உடம்பில் கத்தி வைப்பதா?

பரம்பரை மார்பகப் புற்றுநோய் அபாயமும் முன்தடுப்பு அறுவையும்

புற்றுநோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர் நோயாளி அல்லர். நோயாளிக்குத் துணையாக வந்தவர். அக்காளின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவர் அடுத்தவரை அழைப்பதற்கு முன், தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "டாக்டர், எனக்கும் இது வருமா? வரும் என்றால், வருவதற்கு முன்பே எடுத்துவிடலாமா?"

இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. சொன்னால் அது தவறான விடையாகவே இருக்கும். ஆகவே இவ்விதழில் ஒரு குடும்பத்தின் வழியாக இதனை விளக்க முற்படுகிறோம். இதில் வரும் குடும்பம் கற்பனை. மருத்துவச் செய்திகள் கற்பனையல்ல.

திருவிடைமருதூரில் மகாலிங்கசுவாமி கோயிலின் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊராகிய திருபுவனத்தின் பட்டு வணிகத்தை நம்பித் தறி நெய்யும் குடும்பம். கொஞ்சம் நெல் நிலமும் உண்டு. மூத்த மகளுக்கு 39 வயதில் இடது மார்பில் கட்டி தோன்றியது. திசுச் சோதனையில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று; அதிலும் ஹார்மோன் மாத்திரைகளோ ஹெர்-2 மருந்துகளோ பயன்படாத 'மும்மை எதிர்மறை' வகை. இப்போது கீமோதெரபி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் துணைக்கு வருபவள் தங்கை. அவளுக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள், உடம்பில் ஒரு குறையும் இல்லை.

குடும்ப வரலாற்றை மருத்துவர் கேட்டபோது தாய் உறுதியாகச் சொன்னார்: "எங்கள் பக்கத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை." அது உண்மைதான். ஆனால் தந்தையின் தங்கை, அதாவது இந்தப் பெண்களின் அத்தை, 41 வயதில் மார்பில் புண் வைத்து இறந்தவர். தந்தையின் தாயார் ஐம்பது வயதைத் தாண்டுமுன் "வயிற்றில் நீர் கோத்து" இறந்தார் என்று வீட்டில் பேச்சு உண்டு. சினைப்பைப் புற்றுநோய் முற்றும்போது வயிறு நீர் கோத்து வீங்கும். அந்நாளில் அந்த நோய்க்குப் பெயர்கூடத் தெரியாமலே பல பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அறையின் மூலையில் மஞ்சள் பையோடு அமர்ந்திருந்த தந்தையிடம் அதுவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

மார்பகப் புற்றுநோய் பெண்களின் நோய் என்பதால் அது தாய் வழியாகத்தான் வரும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பிழை. அபாயத்தைக் கொண்டுவரும் மரபணு மாற்றம் தந்தை வழியாகவும் அதே அளவில் வரும். ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அரிதாகவே வருவதால், அது ஒரு தலைமுறை முழுவதும் ஒளிந்திருந்து, மகளிடம் வெளிப்படும். எனவே குடும்ப வரலாறு கேட்கப்படும்போது அப்பாவின் அக்காள் தங்கையரை, அப்பாயியை, பெரியப்பா சித்தப்பாவின் மகள்களை மறந்துவிடாதீர்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கே அது பரம்பரையாக வருகிறது. அக்காளுக்கு 62 வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால், தங்கை வழக்கமான பரிசோதனைகளைச் செய்துகொண்டாலே பெரும்பாலும் போதும். இளம் வயதில் நோய், ஒருவருக்கே இரு மார்பிலும் நோய், மும்மை எதிர்மறை வகை, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய், ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால்தான் மரபணுச் சோதனையைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த மரபணு எது?

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரு மரபணுக்கள் எல்லா மனிதரிடமும் உள்ளன. நம் உயிரணுக்களின் டி.என்.ஏ. இழைகள் அறுந்துபோகும்போது அவற்றைச் சீர்செய்வது இவற்றின் வேலை. தறியில் இழை அறுந்தால் நெய்பவர் உடனே முடிந்துவிடுவார் அல்லவா? முடியும் கை பழுதானால் அறுந்த இடங்கள் துணியில் சேர்ந்துகொண்டே போகும். இந்த மரபணுவில் பழுதோடு பிறந்தவர்களுக்கு நேர்வது அதுதான். முதல் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். 1994இல் அதுவும், 1995இல் இரண்டாவது மரபணுவும் பிரித்தறியப்பட்டன.

இது மேலைநாட்டார் நோய் என்று நினைக்க வேண்டாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர் தங்கராஜன் ராஜ்குமாரும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியக் குடும்பங்களில் இம்மாற்றங்களைத் தேடி 2003ஆம் ஆண்டிலேயே ஆய்வு வெளியிட்டார்கள். ஐரோப்பிய வழி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் தென்னிந்தியப் பெண்களிடமும் கண்டறியப்பட்டுள்ளது. மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 30 பேரிடம் ஏதோவொரு பரம்பரை மாற்றம் இருந்தது. அவற்றுள் பெரும்பகுதி இந்த இரு மரபணுக்களில்தான். அவர்கள் பெரும்பாலும் ஐயத்தின் பேரில் சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதால், இந்த 30 என்ற எண்ணை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அடையாறு நிலையம் பிறந்ததும் ஒரு குடும்பத்தின் இழப்பிலிருந்துதான். புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த நினைவே 1954இல் 12 படுக்கைகளோடு அந்நிலையம் தொடங்கக் காரணமாயிற்று.

சோதனை யாருக்கு முதலில்?

நோயில்லாத தங்கை முதலில் சோதனை செய்துகொள்வது முறையன்று. நோய் வந்த அக்காளுக்கே முதலில் செய்ய வேண்டும். அவரிடம் மாற்றம் கண்டறியப்பட்டால், தங்கையின் இரத்தத்தில் அந்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். செலவும் குறையும், விடையும் தெளிவாகும். அக்காளைச் சோதிக்காமல் தங்கைக்கு 'இல்லை' என்று வந்தால், அந்த 'இல்லை'க்கு என்ன பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனானாலும் மகளானாலும், அது வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தங்கைக்கு இல்லை என்று வந்தால், அவருடைய அபாயம் பெரும்பாலும் ஏனைய பெண்களின் அளவுக்கே இறங்கிவிடும். அவருடைய குழந்தைகளுக்கும் இக்கவலை தாய் வழியில் இல்லை.

அறிக்கையில் மூன்றாவது வகை விடையும் வரலாம்: 'பொருள் உறுதிப்படாத மாற்றம்'. மரபணுவில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அது தீங்கானதா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை என்பதே அதன் பொருள். இதனைக் கண்டு அஞ்சி அறுவைக்கு முடிவு செய்யக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் அறிக்கையில் மரபணுவின் பெயரைப் பார்த்ததுமே பலருக்கு மனம் கலங்கிவிடுகிறது. இத்தகைய மாற்றங்களில் பல பின்னாளில் தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன.

நம் கதையில் அக்காளுக்கு பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உறுதியாயிற்று. தங்கைக்கும் அதுவே வந்தது.

எழுபத்திரண்டு என்ற எண்

"நூற்றுக்கு எழுபத்திரண்டு" என்று மருத்துவர் சொன்னதும் தங்கையின் காதில் வேறு எதுவும் விழவில்லை. வீடு திரும்பும் பேருந்தில் அந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். எண்களோடு சற்று அமர்ந்து பேசியாக வேண்டும்.

2017இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு 72 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது, பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களில் 69 பேருக்கு. சினைப்பைப் புற்றுநோய் முறையே 44 பேருக்கும் 17 பேருக்கும். மாற்றம் இல்லாத பொதுவான இந்தியப் பெண்களிலோ, தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2020 அறிக்கைப்படி, 29 பேரில் ஒருவருக்கே மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு. ஆக வேறுபாடு பெரிது; அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் 72 என்பது வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்த கணக்கு. அதே ஆய்வு ஆண்டுக் கணக்கையும் தருகிறது. முப்பது நாற்பது வயதை எட்டிய பின், பி.ஆர்.சி.ஏ.1 உள்ள நூறு பெண்களில் ஓராண்டில் நோய் வருவது ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு. அதாவது வரும் தைக்கும் அதற்கடுத்த தைக்கும் இடையில் 97 பேர் நோயின்றியே இருப்பார்கள். இது ஆறுதலுக்காகச் சொல்வதன்று. இன்றே, இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை என்பதற்கு இதுவே ஆதாரம். நல்ல முடிவுக்குச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட இடமில்லை.

2013 மே மாதத்தில் நடிகை ஆஞ்சலினா ஜோலி தம் இரு மார்பகங்களையும் முன்தடுப்பாக அகற்றிக்கொண்டதை நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அவருடைய தாயார் 56 வயதில் இறந்தவர். அக்கட்டுரைக்குப் பின் அமெரிக்காவில் மரபணுச் சோதனை செய்துகொள்வோர் எண்ணிக்கை உடனே பெருகியது. எனினும் சோதனை செய்துகொண்டவர்களிடையே மார்பக அறுவை அதற்கேற்பப் பெருகவில்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். பலரும் தெரிந்துகொள்ளத்தான் விரும்பினார்கள். தெரிந்துகொண்டவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை.

அறுவை என்பது என்ன?

முன்தடுப்பு அறுவையில் இரு மார்பகங்களின் திசுவும் அகற்றப்படும். தோலைக் காத்தும், சிலருக்குக் காம்பையும் காத்தும் செய்யலாம். இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் நூற்றுக்கு 90 பங்கு அல்லது அதற்கு மேலும் குறைகிறது. முழுதாக இல்லாமல் போவதில்லை. தோலுக்கடியில் சிறிதளவு திசு எஞ்சவே செய்யும்.

விலை என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மார்பின் தோலில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும். இனிப் பிறக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்க இயலாது. இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, தோலின் ஓரம் கருகுதல், மீண்டும் அறுவை தேவைப்படுதல் ஆகியவை சிலருக்கு நேரும். சிலிக்கான் உறையை வைத்தோ, வயிற்றுத் தசையையும் கொழுப்பையும் எடுத்து வைத்தோ மார்பை மறுசீரமைக்கலாம். அல்லது எதுவும் வேண்டாம் என்று தட்டையாகவே விட்டுவிட்டு, ரவிக்கைக்குள் வைக்கும் செயற்கை மார்பைப் பயன்படுத்தலாம். மூன்றுமே ஏற்கத்தக்க வழிகள்தாம். மறுசீரமைத்த மார்பு பார்வைக்கு மார்பு; உணர்ச்சியில் பழையதன்று. இதனை அறுவைக்குப் பின் அறிந்து வருந்துவதைவிட முன்பே அறிந்திருப்பது மேல்.

எளிய அறுவையானால் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை ஓங்கி வேலை செய்யக் கூடாது. வயிற்றுத் திசுவை எடுத்துச் செய்யும் மறுசீரமைப்புக்கு இன்னும் கூடுதலாகும். தறியில் அமர்வது, குடம் தூக்குவது, நடவுக்கு இறங்குவது எல்லாம் நிற்கும். வீட்டில் அந்த வேலைகளை யார் செய்வது என்ற கேள்வி நம் பகுதியில் மருத்துவக் கேள்விக்குச் சற்றும் குறைந்ததன்று. பல பெண்கள் முடிவெடுக்க முடியாமல் நிற்பது அங்கேதான். ஆனால் மருத்துவரிடம் அதைச் சொல்வதில்லை. சொல்லுங்கள். அறுவையின் நாளை அறுவடைக்கும் பள்ளித் தேர்வுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இது அவசர அறுவையன்று.

அறுவை வேண்டாம் என்பவருக்கு என்ன வழி? விழிப்பான கண்காணிப்பு. 25 வயது முதல் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மருத்துவரின் பரிசோதனை. ஆண்டுக்கொருமுறை மார்பகத்துக்கான எம்.ஆர்.ஐ.; 30 வயது முதல் அதோடு மேமோகிராமும். மார்பகத்துக்கென்று தனிக் கருவிப் பகுதி பொருத்திய எம்.ஆர்.ஐ. ஊருக்கு ஊர் இருப்பதில்லை. எங்கே செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கண்காணிப்பு நோயைத் தடுக்காது. சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க உதவும். கண்டுபிடித்தபின் அறுவையும், பலருக்குக் கீமோதெரபியும் வேண்டியிருக்கும். அக்காளின் அருகில் அமர்ந்து அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்த தங்கைக்கு இது வெறும் தகவல் அன்று.

இவ்விரண்டில் எது உயிரைக் காக்கும்? நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஆய்வில், பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களில் அறுவை செய்துகொண்டவர்களின் இறப்பு, கண்காணிப்பில் இருந்தவர்களின் இறப்பைவிடக் குறைவாக இருந்தது. பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே எந்த மரபணு என்பதைக் கேட்காமல் பிறரின் முடிவைத் தன் முடிவாக்கிக்கொள்ளக் கூடாது.

மார்பகத்தைப் பற்றிய பேச்சில் மறக்கப்படுவது சினைப்பை. சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்க நம்பத்தக்க பரிசோதனை இன்றுவரை இல்லை. எனவே பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் அகற்றிவிடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள்; பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்கள் 40 முதல் 45 வரை பொறுக்கலாம். மார்பகத்துக்குக் கண்காணிப்பு என்ற மாற்று வழி உண்டு. சினைப்பைக்கு அது இல்லை. எமது கருத்தில், பி.ஆர்.சி.ஏ.1 குடும்பங்கள் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். இந்த அறுவைக்கும் விலை உண்டு. மாதவிடாய் திடீரென்று நின்று, உடம்பு திடீர் திடீரென்று சூடேறும், உறக்கம் கெடும், எலும்பு வலுவிழக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு.

"எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாயிற்றே" என்று சிலர் சொல்வார்கள். கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பைகளை விட்டுவைப்பது மிகவும் வழக்கம். பழைய வெளியேற்றச் சுருக்கத்தைத் தேடி எடுத்துவந்து காட்டுங்கள்.

அக்காளுக்கும் ஒரு கேள்வி உண்டு: நல்ல நிலையில் உள்ள வலது மார்பை என்ன செய்வது? முன்சொன்ன 2017 ஆய்வில், ஒரு மார்பில் நோய் வந்த பி.ஆர்.சி.ஏ.1 பெண்களில் 20 ஆண்டுகளுக்குள் மறு மார்பிலும் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 40 பேர். ஆயினும் இப்போதுள்ள நோயின் சிகிச்சையே முதன்மை. அது நன்றாக முடிந்தபின் மறு மார்பைப் பற்றி ஆற அமரப் பேசலாம்.

வீட்டில் நடந்த பேச்சு

"நல்ல உடம்பில் கத்தி வைப்பதா? எங்கேயாவது கேட்டதுண்டா?" என்றார் மாமியார். தங்கை விடை சொல்லவில்லை. கணவன் அன்றிரவு, "நீ எது சொன்னாலும் சரி" என்றான். அன்பில் பிறந்த சொல்தான். ஆனால் சுமையை முழுதும் அவள் தலையில் வைத்துவிடும் சொல்லும்கூட. கணவன்மார் இதைவிடப் பயனுள்ள ஒன்றைச் செய்யலாம்: அடுத்த ஆலோசனைக்கு உடன் வந்து, தமக்குள்ள அச்சத்தையும் வாய்விட்டுச் சொல்லலாம். "உன் உடம்பு மாறினாலும் என் மனம் மாறாது" என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் பல பெண்கள் காத்திருக்கிறார்கள் என்பது ஆலோசகர்களுக்குத் தெரியும்.

உண்மையான சிக்கல் அக்காளின் மகளைச் சுற்றி எழுந்தது. அவளுக்கு 19 வயது. "வெளியே தெரிந்தால் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். பேசாமல் தாய்மாமனுக்கே கொடுத்துவிட்டால் விஷயம் வீட்டோடு இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். பலருக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் அந்தத் தாய்மாமன் அதே தந்தையின் மகன். அவனிடமும் அதே மாற்றம் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று, பெண்ணிடமும் அவ்வாறே. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரு பக்கத்திலிருந்தும் பழுதான பிரதி வர நான்கில் ஒரு வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ.2 ஆக இருந்தால் அக்குழந்தைக்கு ஃபேன்கோனி இரத்தசோகை என்னும் கொடிய நோய் வரும். பி.ஆர்.சி.ஏ.1 ஆக இருந்தால் கரு பெரும்பாலும் வளர்வதே இல்லை. மறைப்பதற்காகச் செய்யும் திருமணம், மறைக்க நினைத்ததைவிடப் பெரிய துயரைக் கொண்டுவரக்கூடும். சொந்தத்தில் மணப்பது இம்மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் மாற்றம் உள்ள குடும்பத்தில் சொந்தத்தில் மணம் பேசும் முன் இருவரும் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது.

அந்தப் பெண்ணுக்கு இப்போதே சோதனை வேண்டுமா? அவள் வயது வந்தவள், முடிவு அவளுடையது. கண்காணிப்பு 25 வயதில்தான் தொடங்கும் என்பதால் அவசரமில்லை. தங்கையின் சிறு குழந்தைகளுக்கு இப்போது சோதனை செய்யக் கூடாது. அவர்கள் வளர்ந்து தாமே தீர்மானிக்க வேண்டியது அது. தாய்மாமனோ தனக்கு மகள் பிறக்கும் முன்பே தன் நிலையை அறிந்துகொள்வது நன்று.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் வரகுணபாண்டியன் கதையை எடுத்தார். திருவிடைமருதூர்க்காரர்களுக்கு அது தெரிந்த கதைதான்: பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரமகத்தி கிழக்கு வாயிலிலேயே நின்றுவிட, அவன் மேற்கு வாயில் வழியாக வெளியேறினான் என்பார்கள். "அதைப்போல நம் குடும்பத்தையும் ஏதோ ஒரு தோஷம் தொடர்கிறது" என்றார் அவர். அதைக் கேட்டுத் தலை குனிந்தவர் தந்தை. மகள்களுக்குத் தாமே இதைக் கொடுத்துவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போவதால் மனம் அமைதியுறும் என்றால் போகலாம், நாம் தடுப்பதற்கில்லை. ஆனால் பாண்டியனைத் தொடர்ந்தது அவன் கையால் நேர்ந்த ஒரு கொலையின் பழி. இந்த மரபணு மாற்றமோ எவருடைய செயலின் விளைவுமன்று. இந்தத் தந்தை தம் தாயிடமிருந்து முகச்சாயலைப் பெற்றதுபோல இதையும் பெற்றார். மகள்களுக்கு எது போகும் என்பதைத் தேர்ந்து கொடுத்தவரும் அவரல்லர்.

ஆலோசனைக்கு வருமுன்

சோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரைச் சந்திப்பது கட்டாயம் என்றே கருதுங்கள். சோதனைக் கட்டணம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ உங்கள் தனியார் காப்பீட்டிலோ முன்தடுப்பு அறுவைக்கு இடம் உண்டா என்பது, ஆகிய இரண்டையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். நோய்க்கான அறுவைக்குக் கிடைக்கும் தொகை நோய் வருமுன் செய்யும் அறுவைக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரே அமர்வில் முடிவு சொல்லுமாறு யாரேனும் வற்புறுத்தினால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

தங்கை என்ன முடிவெடுத்தாள்? இரண்டாவது அமர்வில் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மூன்று கேள்விகளைப் படித்தாள். சினைப்பை அறுவையை அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில் செய்துகொள்வதாகச் சொன்னாள். குழந்தைகள் அப்போது பாட்டி வீட்டில் இருப்பார்கள். மார்பகத்தைப் பற்றி இன்னும் தீர்மானிக்கவில்லை, அதுவரை எம்.ஆர்.ஐ.யைத் தவறவிட மாட்டேன் என்றாள். மாமியாரும் உடன் வந்திருந்தார். கீமோதெரபி அறையில் அக்காளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தபின் அவர் கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; "எம்.ஆர்.ஐ.க்கு எந்த நாள்?" என்று மட்டும் கேட்டார். தைப்பூசம் கழிந்த வாரத்தில் நாள் குறிக்கப்பட்டது.

தந்தை அன்று தம் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். தங்கை இறந்தபோது கொடுத்த மருத்துவமனைக் காகிதங்கள். மடிப்புகளில் கிழிந்திருந்தன. "இது உதவுமா, பாருங்கள்" என்றார். பிறகு தம் கையை நீட்டி, "எனக்கும் இரத்தம் எடுங்கள்" என்றார்.